ஸ்டிக்கரை உரித்த பிறகு: லெகோ ரயில்கள் பற்றிக் கொஞ்சம் கறாராக

நண்பர் ஒருவர் ஆறு மாதமாக லெகோ பிரிக்குகளில் டபிள்யூஏபி-7 மின்சார என்ஜின் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். முடிந்ததும் வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினார். வெள்ளை உடம்பு, சிவப்புப் பட்டை, முகத்தில் ராயபுரம் ஷெட்டின் பெயர், பக்கவாட்டில் வண்டி எண், மின்சார எச்சரிக்கைக் குறி, மூன்று மொழியில் ரயில்வே பெயர் என்று எல்லாம் இருந்தன. "எப்படி?" என்றார். "சூப்பர்" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. மீதியை இரண்டு வாரம் கழித்துச் சொன்னேன். கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு அவரே போன் பண்ணி, "வாயால சொன்னா சண்டைதான் வருது. எழுதித் தொலை, படிச்சுட்டுப் பதில் சொல்றேன்" என்றார். அதனால் இந்தக் குறிப்பு. என் சொந்தப் பெட்டியையும் இதே தராசில்தான் வைக்கப் போகிறேன். அது இன்னும் மோசமாகத் தோற்றது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

நான் அவரிடம் சொன்னது இதுதான்: "ஸ்டிக்கர் எல்லாத்தையும் உரிச்சுட்டுப் பாரு. அது டபிள்யூஏபி-7 தானா?" உரித்தால் மிஞ்சுவது ஒரு வெள்ளைப் பெட்டி. முகத்தின் சரிவு இல்லை. சிவப்புப் பட்டை ஸ்டிக்கர், முன்கண்ணாடியைச் சுற்றிய கருப்பும் ஸ்டிக்கர், பக்கவாட்டுக் காற்றுத் தடுப்புகளும் ஸ்டிக்கர். பிரிக் செய்ய வேண்டிய வேலையை அச்சு செய்திருக்கிறது. பிளாஸ்டிக் பெட்டியின் மேல் என்ஜின் படத்தை ஒட்டினால் போதும் என்றால் லெகோ எதற்கு? பிஸ்கட் டப்பாவே போதுமே.

இந்தச் சோதனையை எங்கிருந்து பிடித்தேன் என்றால், லெகோ நிறுவனமே 2020-ல் வெளியிட்ட 'குரோக்கடைல்' என்ஜினிலிருந்து. செட் எண் 10277, 1271 துண்டுகள். சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் மலைப்பாதையில் ஓடிய, 1919 முதல் கட்டப்பட்ட சிஇ 6/8 வகை என்ஜினின் மாதிரி. முன்னும் பின்னும் நீண்ட மூக்கு, நடுவில் ஒரு கூண்டு. மூன்றும் தனித்தனியாக அசையும். முதலை நெளிகிற மாதிரி அது வளைவில் திரும்பும், அதான் பெயர். எழுத்து ஒன்றுகூடத் தெரியாத தூரத்திலிருந்து பார்த்தாலும் அது குரோக்கடைல்தான், வேறெதுவும் இல்லை. உருவம் அங்கே பிரிக்கிலேயே இருக்கிறது. நம் ஊருக்கும் அதன் சொந்தக்காரர் ஒருவர் வந்தார்: 1920களின் இறுதியில் ஜிஐபி ரயில்வே பம்பாய் மலைப்பாதைகளுக்காக வாங்கிய டபிள்யூசிஜி-1. ஒன்று டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. லெகோவில் இந்திய என்ஜின் கட்ட ஆசைப்படுகிறவர்கள் அதிலிருந்து ஆரம்பித்தால் பாதிக் கஷ்டம் குறையும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் யாரும் அதில் ஆரம்பிப்பதில்லை. எல்லோரும் தான் ஏறிப்போன வண்டியைத்தான் கட்டுகிறார்கள். நானும்தான்.

நான் கட்டியது ஐசிஎஃப் ஸ்லீப்பர் பெட்டி. அப்பா பெரம்பூர் ஐசிஎஃப்-ல் ஷெல் டிவிஷனில் வெல்டர். 1955-ல் திறந்த அந்தத் தொழிற்சாலைக்கு வடிவமைப்பும் தொழில்நுட்பமும் சூரிச் பக்கத்து ஷ்லீரன் ஊர்க் கம்பெனி ஒன்றிலிருந்து வந்தவை. குரோக்கடைலைப் போல இதுவும் ஆதியில் சுவிஸ் சரக்குதான் என்பது எனக்குப் பிடித்த தகவல். 2018 ஜனவரியில் அந்த வகைப் பெட்டிகளைப் பெரம்பூரில் நிறுத்திவிட்டு எல்எச்பி-க்கு முழுசாக மாறினார்கள். ஓடுகிற பெட்டிகளும் வயசாகி ஒவ்வொன்றாகக் கழிகின்றன. அதற்குள் ஒன்றைக் கட்டி அப்பாவிடம் காட்டிவிட வேண்டும் என்பது என் கணக்கு. அவருக்கு எழுபத்தாறு. கண்புரை ஆபரேஷன் ஒரு கண்ணில்தான் முடிந்திருக்கிறது.

முதலில் அளவு. லெகோ தண்டவாளத்தின் உள்ளிடைவெளி சுமார் 37.5 மில்லிமீட்டர். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். வகுத்தால் ஏறத்தாழ 1:45 வரும். ஐரோப்பியப் பாதை 1435 என்பதால் அவர்களுக்கு 1:38. அதாவது அதே தண்டவாளத்தில் நம் வண்டியை அவர்களுடையதைவிடச் சின்னதாகக் கட்ட வேண்டும். ஐசிஎஃப் பெட்டியின் அகலம் 3245 மில்லிமீட்டர், 45-ஆல் வகுத்தால் 72. லெகோவில் ஒரு குமிழுக்கும் அடுத்ததுக்கும் 8 மில்லிமீட்டர், ஆக மிகச் சரியாக ஒன்பது குமிழ். இவ்வளவு கச்சிதமாக வருமென்று நினைக்கவில்லை, சந்தோஷமாக இருந்தது. அந்த சந்தோஷம் பத்து நிமிஷம்தான். ஒன்பது ஒற்றைப்படை. போகியும் அதைப் பிடிக்கிற துண்டுகளும் இரட்டைப்படை. நடுக்கோடு அரைக் குமிழ் தள்ளிவிடும். அரைக் குமிழ் நகர்த்தும் 'ஜம்பர்' துண்டுகளைப் போட்டுச் சமாளிக்கலாம், சமாளித்தேன்.

நீளம்தான் பெரிய அடி. 21.3 மீட்டர் பெட்டி 1:45-ல் 474 மில்லிமீட்டர், 59 குமிழுக்குக் கொஞ்சம் மேல். லெகோவின் வழக்கமான வளைவின் ஆரம் 40 குமிழ், அதாவது 320 மில்லிமீட்டர். அசலில் அது பதினாலரை மீட்டருக்கும் குறைவு. பஸ் ஸ்டாண்டில் பஸ் திரும்புகிற வளைவு அது, ரயில் போகிற வளைவு இல்லை. நம் அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூரான வளைவே 175 மீட்டர் ஆரம். அதை மாதிரியில் வைத்தால் கிட்டத்தட்ட 3.9 மீட்டர். முழு வட்டம் போட எட்டு மீட்டர் ஹால் வேண்டும், என் வீட்டில் யாருக்கும் அவ்வளவு பொறுமை இல்லை. முழு நீளப் பெட்டியை 40 குமிழ் வளைவில் விட்டால், போகிகளுக்கு நடுவே உடம்பு 45 மில்லிமீட்டர் உள்பக்கம் சாய்ந்து தொங்கும். கணக்கு போட்டுத்தான் பார்த்தேன், பிறகு அட்டை வெட்டி வைத்தும் பார்த்தேன், அப்படித்தான். பக்கத்துத் தண்டவாளத்தில் வண்டி நின்றால் மோதல்தான். வேறு தயாரிப்பாளர்கள் அகலமான ஆரத்தில் தண்டவாளம் விற்கிறார்கள், 104 குமிழ் ஆரம் வரைக்கும் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் அது தனிச் செலவு.

ஆகவே எல்லோரும் செய்வதைச் செய்தேன்: பெட்டியைச் சுருக்கினேன். ஸ்லீப்பரில் ஒன்பது அறை, அறைக்கு எட்டுப் பேர், 72 படுக்கை. நான் ஆறு அறை மட்டும் வைத்தேன். 24 பேரை டிக்கெட் இருந்தும் இறக்கிவிட்டேன். இது ஒரு பொய். ஆனால் இந்தப் பொய்யை நான் குறை சொல்ல மாட்டேன். ஏனென்றால் விகிதத்தில் கண் ஏமாறும், எண்ணிக்கையில் ஏமாறாது என்று நினைத்தேன். அப்பா எண்ண மாட்டார் என்றும் நினைத்தேன்.

இனி பாகம் சேர்ப்பது. இதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் மேல் என் முதல் குற்றச்சாட்டு. இப்போது வடிவமைப்பு முழுக்கக் கணினியில் நடக்கிறது. 'ஸ்டுடியோ' என்ற மென்பொருளில் எந்தத் துண்டையும் எந்த நிறத்திலும் போட்டுப் பளபளவென்று படம் எடுக்கலாம். அந்த நிறத்தில் அந்தத் துண்டு இல்லை என்றால் அது எச்சரிக்கும், உண்மைதான். ஆனால் எச்சரிக்கையைப் பார்த்து நிறுத்துகிறவர்கள் குறைவு. ஆரம்பத்தில் நான் ஒரு ஐரோப்பியப் பயணிப் பெட்டியின் கட்டுமானத் திட்டத்தைக் காசு கொடுத்து வாங்கினேன். விற்றவர் பெயர் வேண்டாம். படம் அற்புதம். துண்டுப் பட்டியலில் மூன்று துண்டுகள் அந்த நிறத்தில் ஒரே ஒரு பழைய செட்டில் மட்டும் வந்தவை. ஒவ்வொன்றும் ஒரு நல்ல சாப்பாட்டு விலை, எனக்கு வேண்டியது பதினெட்டு. அவர் அதைக் கையால் கட்டியதே இல்லை என்பது கடிதத்தில் கேட்டபோதுதான் தெரிந்தது. ஓடாத நிரலை விற்கிற மாதிரி இது. எங்கள் தொழிலில் இதற்குக் கெட்ட வார்த்தை உண்டு.

பாகம் வாங்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்த பிரிக்லிங்க். 2000-ல் ஒரு தனிமனிதர் ஆரம்பித்து, 2019-ல் லெகோவே வாங்கிக்கொண்ட சந்தை. உலகமெங்கும் ஆயிரக்கணக்கான சின்னக் கடைகள். எந்தக் கடையிலும் எல்லாத் துண்டும் இருக்காது. ஒவ்வொரு கடைக்கும் தபால் செலவு தனி, சில கடைகளுக்குக் குறைந்தபட்சக் கொள்முதல் வேறு. இத்தனை துண்டை எத்தனை கடையில் வாங்கினால் மொத்தச் செலவு குறைவு என்பது கணினியியலில் பெயர் பெற்ற கடினமான கணக்கு. கடைகள் கூடக்கூடச் சாத்தியங்கள் வெடித்துப் பெருகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பைதான் எழுதித் தீர்த்தேன். ஏழு வினாடியில் விடை வந்தது: நான்கு கடை, இரண்டு நாடு. பெருமையோடு ஆர்டர் போடப் போனால், இரண்டாவது கடையில் இருந்த வெளிர்நீலப் பிளேட்டை அதற்குள் யாரோ வாங்கிவிட்டார். மறுபடி ஓட்டினேன், ஆறு கடை வந்தது. அதற்குமேல் பிடிவாதம் பிடிக்கவில்லை.

இந்தியாவில் இருப்பதற்கு இன்னொரு வரி உண்டு, நிஜமாகவே வரிதான். பொம்மைகளுக்கான இறக்குமதித் தீர்வை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. உள்நாட்டுத் தொழிலைக் காப்பது நோக்கம், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இதன் விளைவு பாணியில் தெரிகிறது. இங்கே கட்டுகிறவர்கள் கையில் இருக்கிற செட்டுகளை உடைத்துத் துண்டு எடுக்கிறார்கள். கையில் இருப்பது சிவப்பு, வெள்ளை, கருப்பு, சாம்பல். அதனால்தான் நம்மவர்கள் கட்டுகிற என்ஜின்களில் இத்தனை டபிள்யூஏபி-7. நண்பர் வெள்ளை என்ஜினைத் தேர்ந்தெடுத்ததும் அப்படித்தான், அதை அவரே ஒப்புக்கொள்வார். சரிவான முகத்துக்கு வேண்டிய வெள்ளைச் சரிவுத் துண்டுகள் கையில் இல்லை, ஆகவே முகம் நேராக வந்தது, அந்தக் குறையை மறைக்க ஸ்டிக்கர் வந்தது. ரசனைக் குறைவு என்று நான் முதலில் நினைத்தது உண்மையில் சரக்குத் தட்டுப்பாடு. இந்த இடத்தில் அவரிடம் நான் அவசரப்பட்டுவிட்டேன்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது, ஆனால் அதைச் சொன்னால் சுத்தவாதிகள் அடிக்க வருவார்கள். லெகோ பிரிக்கின் மூலக் காப்புரிமைகள் எப்போதோ காலாவதி ஆகிவிட்டன. குமிழ் வடிவத்தை வணிகச் சின்னமாகக் காப்பாற்ற முடியாது என்று கனடா உச்ச நீதிமன்றம் 2005-ல் மெகா பிளாக்ஸ் வழக்கில் தீர்ப்பே சொல்லிவிட்டது. இன்று சீனத் தயாரிப்பான பொருந்து பிரிக்குகள் தரத்தில் நெருங்கிவிட்டன, லெகோ வார்க்காத நிறங்களிலும் வருகின்றன. என் பெட்டியின் அடர்நீலத்தில் இருநூறுக்குச் சற்று மேல் அப்படிப்பட்டவைதான். சுத்தவாதிகளின் சட்டத்தைக் கவனித்தால் சிரிப்பு வரும்: வேறு கம்பெனி பிரிக் கூடாது, பிரிக்கை வெட்டக் கூடாது, சாயம் பூசக் கூடாது. ஆனால் வேறு கம்பெனி ரயில் சக்கரம் பரவாயில்லை, லெகோ தராத அளவுகள் அதில் இருக்கின்றன. வீட்டில் அச்சடித்து வெட்டி ஒட்டிய ஸ்டிக்கரும் பரவாயில்லை. சாயம் பூசினால் பாவம், சாயம் பூசிய தாளை ஒட்டினால் புண்ணியம். ஆவி என்ஜினுக்கான பெரிய சக்கரத்தை 2009-ல் 'எமரால்டு நைட்' செட்டில்தான் லெகோ வார்த்தது. அதற்கு முன்பே ரசிகர்கள் தாங்களாகச் செய்துகொண்டார்கள். தேவை வருகிற இடத்தில் சட்டம் வளைந்துகொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

நிறம் இன்னொரு வம்பு. 2004 வாக்கில் லெகோ தன் சாம்பலையும் பழுப்பையும் மாற்றியது. பழைய சாம்பல் மஞ்சள் தோய்ந்தது, புதுசு நீலம் தோய்ந்தது. விற்கிறவர் கலந்து அனுப்பினால் டியூப் லைட்டில் தெரியாது, வெயிலில் தெரியும். என் பெட்டியின் கீழ்ச்சட்டம் இன்றைக்கும் ஒரு பக்கம் வெளுத்தாற்போல இருப்பது அதனால்தான்.

சரி, ஸ்டிக்கர். லெகோ தொழிற்சாலையில் துண்டின் மேலேயே அச்சடிப்பது பேட் பிரின்டிங் முறையில். பொறித்த தகட்டிலிருந்து மையை ஒரு சிலிகான் குமிழ் எடுத்துத் துண்டில் வைக்கும். தேயும், ஆனால் உரியாது. ஸ்டிக்கர் ஓரம் எழும்பும், சுருங்கும், வெடிக்கும். பிறகு ஏன் நிறுவனமே ஸ்டிக்கர் போடுகிறது? அச்சடித்த ஒவ்வொரு துண்டும் கிடங்கில் தனிச் சரக்கு. தாள் ஒன்றில் இருபது படம் போட்டால் ஒரே சரக்கு. கம்பெனிக்கு அது நியாயமான கணக்கு. ஒரே ஒரு பெட்டி கட்டுகிற எனக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்பதை மறந்துவிட்டு நானும் தாளிலேயே இறங்கினேன்.

அடர்நீலப் பெட்டியில் வெள்ளை எழுத்து வேண்டும். வீட்டு பிரின்டர், கடை பிரின்டர் எதிலும் வெள்ளை மை கிடையாது. வெள்ளை என்பது தாளின் நிறம். ஆகவே எழுத்தைச் சுற்றி நீலத்தை அச்சடிக்க வேண்டும், அந்த நீலம் பிரிக்கின் நீலத்தோடு ஒத்துப்போக வேண்டும். போகாது. பிளாஸ்டிக்கில் கலந்த நிறமியும் தாளில் படிந்த நான்கு மையும் வேறு வேறு பொருட்கள். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிவது இன்னொரு விளக்கில் இரண்டாகத் தெரியும். பதினாறு நீலக் கட்டம் அச்சடித்து, பிரிக்கின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, ஒன்பதாவது கட்டம் சரி என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை சன்னலோரம் வைத்தால் அது ஊதாவாக இருந்தது.

அடுத்து ரேடியம் கட்டிங் கடை. பைக்குக்கு நம்பர் ஒட்டுகிற கடைகளில் வெள்ளை வினைலைப் பிளாட்டரில் வெட்டித் தருவார்கள், பின்னணியே வேண்டாம், எழுத்து மட்டும். நல்ல யோசனைதான். ஆனால் அசலில் ஒரு சாண் உயர எழுத்து மாதிரியில் 5 மில்லிமீட்டர். நாலு அங்குல எழுத்து 2 மில்லிமீட்டரும் சொச்சமும். கடைக்காரர் திரையில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இது பொருட்காட்சில அரிசியில பேர் எழுதுறவன் வேலை." ஐந்து மில்லிமீட்டர் எண்களை மட்டும் வெட்டிக் கொடுத்தார், அவை இன்றைக்கும் நன்றாக இருக்கின்றன. சின்ன எழுத்துக்கு கடைசியில் யூவி பிரின்டர் வைத்திருக்கிற ஒருவரிடம் போனேன். செல்போன் கவர் அச்சடிக்கிறவர். அவர் மெஷினில் வெள்ளை மை உண்டு, பிரிக்கின் மேலேயே நேராக அடிக்கும். எட்டுக் குமிழ் நீள வழவழப்புத் துண்டின் உண்மையான நீளம் 64 இல்லை, 63.8 மில்லிமீட்டர். ஒவ்வொரு ஓரத்திலும் 0.1 மில்லிமீட்டர் விட்டிருப்பார்கள். அதைக் கணக்கில் எடுத்து அட்டையில் பள்ளம் வெட்டி, துண்டை அதில் பதித்துக் கொடுத்தால் அச்சு நகராமல் விழுகிறது. ஊர்ப்பெயர்ப் பலகை தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் படிக்கிற மாதிரி வந்தது. இந்தப் பலகைக்கு மட்டும் மூன்று வாரம் ஆனது.

பெட்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் தயாரித்த ஆண்டு. அப்பா வேலையில் இருந்த காலம் வர வேண்டுமென்று 94 என்று ஆரம்பித்தேன்.

காட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பெட்டியை மடியில் வைத்துப் பார்த்தார். ஊர்ப்பெயர்ப் பலகையைப் பார்க்கவே இல்லை. விரலால் சன்னல்களைத் தடவிவிட்டு, "கம்பி எங்கடா?" என்றார்.

கம்பி இல்லை. கண்ணாடி மட்டும்தான் இருந்தது. ஏசி இல்லாத பெட்டியின் சன்னலில் படுக்கைவசத்தில் ஓடுகிற அந்தக் கம்பிகள்தானே ஐசிஎஃப்-ன் முகம். முகத்தை அதில் அழுத்திக்கொண்டு எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம், விரலில் துரு வாசனை ஒட்டுமே. நண்பரிடம் உரித்துப் பார் என்று சொன்ன நான், என் பெட்டியில் ஸ்டிக்கரை உரித்தால் என்ன மிஞ்சும் என்று பார்க்கவில்லை. நீலத்தில் வெளிர்நீலப் பட்டை போட்ட எந்த நாட்டுப் பெட்டியாகவும் அது இருந்திருக்கும். அடுத்து அவர் சொன்னது: "ஒம்போதுல மூணு காணோமே." எண்ணிவிட்டார்.

அறைக்கு வழியில்லை. கம்பிக்கு முயன்றேன். லெகோவின் மெல்லிய குச்சியே 3.18 மில்லிமீட்டர். 1:45-ல் அது 14 சென்டிமீட்டர் தடிமனுள்ள கம்பி, சிங்கத்தை அடைக்கலாம், பயணியை அல்ல. வரிவரியான கிரில் துண்டைப் பக்கவாட்டில் மாட்டிப் பார்த்தேன். வரி இருந்தது, ஆனால் ஊடே பார்க்க முடியவில்லை, ஜெயில் வண்டி மாதிரி ஆனது. சுண்டுவிரல் தடிமனுள்ள அசல் கம்பி மாதிரியில் கால் மில்லிமீட்டர். பிரிக்கில் அதைச் செய்ய வழியே கிடையாது. சாதாரண லேசர் பிரின்டரில் அங்குலத்துக்கு 600 புள்ளி என்றால் கால் மில்லிமீட்டருக்கு ஆறு புள்ளி கிடைக்கிறது, தாராளம். ஒளிபுகும் பிலிமில் சாம்பல் கோடுகளை அடித்து, கண்ணாடித் துண்டுகளுக்கு உள்பக்கம் ஒட்டினேன். உள்ளே ஒட்டியதால் ஓரம் தெரியாது, கை படாது, உரியவும் உரியாது.

ஆக, பிரிக் செய்ய வேண்டியதை அச்சு செய்யக் கூடாது என்று நண்பரிடம் சட்டம் பேசியவன், தன் பெட்டியின் மிக முக்கியமான உருவத்தையே அச்சில்தான் கொண்டுவந்தேன். இப்போது என் நிலை இது: எழுத்து, எண், பலகை எல்லாம் அச்சின் உரிமை, அதில் தகராறில்லை. உருவத்தில், பிரிக்கால் முடியாத அளவுக்கு மெல்லியதை மட்டும் அச்சுக்கு விடலாம். சிவப்புப் பட்டை பிளேட்டால் முடியும், காற்றுத் தடுப்புக்கு வரிபோட்ட பிரிக்கே இருக்கிறது, முகச் சரிவுக்குச் சரிவுத் துண்டு இருக்கிறது. ஆகவே அந்த என்ஜினைப் பற்றிய என் புகாரில் முக்கால்வாசி அப்படியே நிற்கிறது. எச்சரிக்கைக் குறிகளைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அவை அழகாகவே இருந்தன. பல துண்டுகளின் மேல் ஒரே ஸ்டிக்கரை நீட்டி ஒட்டுவதை மட்டும் எந்தக் காலத்திலும் மன்னிக்க மாட்டேன். அந்த இடத்தில் இனி பிரிக்கைக் கழற்ற முடியாது, கழற்ற முடியாத லெகோ பசை போட்ட பொம்மை.

இரண்டாவது தடவை காட்டியபோது அப்பா எண்ணைப் படித்தார். "94-ஆ? அப்ப நாங்க பண்ணதுதான்" என்றார். ஒரு நிமிஷம் கழித்து, "ஆனா அப்ப நீலம் இல்லையே, செவப்புல்ல போயிட்டிருந்துச்சு" என்றார். சரிதான். மரூன் நிறம் மாறி நீலம் பரவலாக வந்தது தொண்ணூறுகளின் பிற்பகுதியில். பிறகு ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது மறுவர்ணம் அடித்திருப்பார்கள் என்று நானே சமாதானம் சொன்னேன். அவர் தலையாட்டினார். அப்புறம், "எமர்ஜென்சி சன்னலுக்கும் கம்பி போட்டு வெச்சிருக்க. தீப்புடிச்சா எப்படி எறங்குவான்?" என்றார். ஒரு சன்னலின் பிலிமை அன்று ராத்திரியே உரித்தேன்.

மரூனில் ஒன்று கட்டலாமென்று அடர்சிவப்புப் பிளேட்டுகளை வாங்கி வைத்திருக்கிறேன், பழைய செட்டுகளிலிருந்து எடுத்தவை. லெகோவின் அந்த அடர்சிவப்பும் செம்பழுப்பும் ஒரு காலகட்டத்தில் நொறுங்குகிற குணத்தோடு வந்தவை என்று தெரியும், தெரிந்தும் விலையைப் பார்த்து வாங்கினேன். நேற்று இரண்டைச் சேர்த்து அழுத்தியதும் ஒன்று பிஸ்கட் மாதிரி விண்டுபோனது. நாற்பதில் ஏழு போச்சு. மீதியைச் சோதித்து முடிக்கிற வரை நண்பர் தன் பதிலை எழுதலாம்.